ராசியான கால்

ஹாப்ஸ் தோட்டக்காரர்கள் அவரை மூக்கர் என்றே கூப்பிட்டார்கள். பார்க்கப்போனால் அவருக்குச் சப்பை மூக்குதான். ஆனால் உலர்ந்த ஹாப்ஸ் பூ நாலைந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கையைக் குவித்து முகத்தருகே கொண்டுபோய் ஒரே ஒரு மூச்சு இழுத்தாரென்றால், அது எந்தத் தோட்டத்துப் பூ, முற்றிப் பறித்ததா, அவசரத்தில் பறித்ததா, உலர்த்துகிறபோது சூடு ஏறிப்போனதா என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். பீருக்குக் கசப்பையும் வாசனையையும் கொடுப்பது இந்தக் கொடிப் பூதான். ரகத்துக்கு ஒரு வாசம். ஒன்று அறுத்த புல், ஒன்று மிளகு, ஒன்று பழுத்த மாம்பழம்.

பதினாறு வருஷம் ஒரு பெரிய கிடங்கில் வேலை பார்த்தவர். போன வருஷத்துப் பூவை இந்த வருஷத்துப் பூவோடு கலந்து மூட்டை கட்டச் சொன்ன அன்றைக்குச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். பிறகு ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினார். சின்ன அளவில் பீர் காய்ச்சுகிற ஆலைகள் பதினான்கு அவரை நம்பி இருந்தன. கேஸ்கேட், சாஸ் மாதிரி பேர்போன ரகங்களை அவர்கள் எந்தக் கிடங்கிலும் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஆலையில் இல்லாத வாசம் வேண்டுமென்றால் மூக்கரைத்தான் கேட்க வேண்டும். அவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, வரிசை வரிசையாக நடந்து, இந்த மூலையில் வெயில் நன்றாக விழுகிறது, இது இன்ன ஆலைக்கு என்று பறிப்புக்கு முன்னாலேயே பேசி வைத்துவிடுவார்.

“கிடங்குல உக்காந்து வாங்குறவனுக்கு மூட்டை தெரியும். எனக்குக் கொடி தெரியும்” என்பார். அதில் கொஞ்சம் தற்பெருமையும் உண்டு.

தோட்டக்காரர்களுக்கும் அவர் வந்தால் தெம்பு. அவர் நடந்துபோன வரிசைக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடும். “ராசியான கால்யா உனக்கு. அந்தக் கோடிக்கும் ஒரு நடை போயிட்டு வா” என்பார் வடக்குத் தோட்டக்காரர். மூக்கரும் சிரித்துக்கொண்டே போய்விட்டு வருவார். முழங்கால் உயரத்துக்குத் தோல் பூட்ஸ் போட்டிருப்பார். எல்லாத் தோட்டத்து மண்ணும் அதில் அடுக்கடுக்காக அப்பிக் காய்ந்திருக்கும். வீட்டு வாசலில் மனைவி மறித்துக்கொண்டு நிற்பாள். மருத்துவமனையில் வார்டு நர்ஸ் அவள். சுத்தம் என்றால் உயிர்.

“வெளியிலயே கழட்டுங்க. வீட்டுக்குள்ள என்ன உழவா ஓட்டப் போறீங்க?”

பதினான்கு ஆலைக்காரர்களில் தாடிக்காரர் என்று ஒருவர் இருந்தார். புதுசு என்றால் பறப்பவர். ஒரு கோடையின் தொடக்கத்தில் அவர் மூக்கரைக் கூப்பிட்டுக் காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். மூக்கர் கசக்கி முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார். நாரத்தை இலையைக் கிள்ளினாற்போல ஒரு வாசம். அது அடங்கியதும் மழையில் நனைந்த மரப்பட்டை.

“எங்க கிடைச்சுது இது?”

“மலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்குல ஒரே ஒரு தோட்டம். இன்னும் எவன் கண்ணுலயும் படல. நீங்க போய்ப் பாத்துச் சொன்னா மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்.”

நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனார். முந்தின நாள் மழை பெய்து மண் களியாகக் கிடந்தது. தோட்டத்துக்குள் கால் வைத்ததுமே ஏதோ உறுத்தியது. கம்பங்கள் வரிசையாக நின்றன, மேலே கம்பியும் இழுத்திருந்தது. ஆனால் பாதித் தோட்டத்தில் கொடி ஏறுவதற்குக் கயிறே கட்டவில்லை. கீழே வெறும் மண்.

தோட்டக்காரர் ஒல்லியானவர். கேட்காமலே பதில் சொன்னார்: “நிலத்துக்கு ஓய்வு விட்டிருக்கேன்.”

மிச்சப் பாதியில் கொடிகள் பாதி உயரம் ஏறியிருந்தன. சிலவற்றில் அடியிலைகள் மஞ்சளாகி, நரம்புகளுக்கு நடுவே புலி வரி மாதிரி பழுப்பு ஓடியிருந்தது. “உரம் பத்தல” என்றார் அவர். மூக்கர் வழக்கம்போல் பேனாக்கத்தியை எடுத்து ஒரு தண்டைச் சீவினார். உள்ளே பச்சையாக இருக்க வேண்டியது காப்பிக்கறை மாதிரி பழுப்பாக இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் தோட்டக்காரர் அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டு ஜன்னலில் ஒரு பெண் நின்றிருந்தாள். மூக்கரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவர் திரும்பியதும் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

பார்த்த மஞ்சளைவிட முகர்ந்த வாசம் பெரிதாகத் தெரிந்தது. மூக்கர் நாலு வரிசை நடந்து பார்த்தார், பூவுக்குப் பேசி முடித்தார், கிளம்பினார். மறுநாள் காலை அதே பூட்ஸோடு வடக்குத் தோட்டத்துக்குப் போனார். அன்றைக்கும் வடக்குத் தோட்டக்காரர், “கோடி வரிசை வரைக்கும் போயிட்டு வா மூக்கரே” என்று அனுப்பினார்.

அந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து வந்த பூவில் தாடிக்காரர் காய்ச்சிய பீருக்கு ஏகப்பட்ட பேர். மறுவருஷம் அதே பூவைக் கேட்டு மூக்கர் போன் செய்தபோது, அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அந்தக் கோடையில் வடக்குத் தோட்டத்தின் கோடி வரிசை மஞ்சளித்தது.

“தண்ணி தேங்கிருச்சு, வேற ஒண்ணுமில்ல” என்றார் வடக்குத் தோட்டக்காரர். அவரே அதை நம்பாதவர் மாதிரி இரண்டு தடவை சொன்னார். மூக்கர் கத்தியால் ஒரு தண்டைச் சீவினார். அதே காப்பிக்கறை. கத்தியைப் பேன்ட்டில் துடைத்து மடக்கினார்.

“என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியலயே. நீங்க சொல்ற மாதிரி தண்ணியாத்தான் இருக்கும்.”

அதைச் சொன்னது தன் வாய்தானா என்று வேனில் ஏறிய பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சொன்னால் என்னென்ன கேள்வி வரும்? எங்கே பார்த்தாய், எப்போது பார்த்தாய்? பறிப்புக்கு இன்னும் ஆறு வாரம். ஆலைக்காரர்கள் மாதிரிப் பூ கேட்டு நச்சரிக்கிறார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அன்றைக்கே இரட்டையர் தோட்டத்துக்கும், அங்கிருந்து ஓடைத் தோட்டத்துக்கும் போனார்.

அதற்கடுத்த கோடையில் வடக்குத் தோட்டத்தில் பாதி கருகியது. ஓலைப்பாயைச் சுருட்டி நிறுத்தினாற்போல் கொடிகள் கயிற்றிலேயே காய்ந்து தொங்கின. காற்றடித்தால் சரசரவென்று ஒரு சத்தம். மழை வருகிறதோ என்று அண்ணாந்து பார்க்கத் தோன்றும், வானம் வெளுத்துக் கிடக்கும். சில நாளில் இரட்டையர் தோட்டத்தில் மூன்று வரிசை. அதற்குப் பின் ஓடைத் தோட்டத்தில், வாசலை ஒட்டி.

விவசாய ஆய்வாளர் அம்மா வந்தார். தண்டுகளை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனவர், பத்து நாளில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: “இது வாடல் நோய். பூஞ்சணம். மண்ணுல இருக்கு, வருஷக்கணக்கா சாகாது. மருந்தும் கிடையாது. ஒரு சிட்டிகை மண்ணு ஒட்டிக்கிட்டு வந்தாப் போதும், அடுத்த தோட்டம் போச்சு. வெட்டுற கருவியும் அப்படித்தான். யாரு யாரு தோட்டம் விட்டுத் தோட்டம் போறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.”

யோசிக்க அவர்களுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லார் தலையும் டிராக்டர்காரர் பக்கம் திரும்பியது. வாடகைக்கு உழுகிறவர் அவர் ஒருவர்தான். சேறு அப்பிய பெரிய சக்கரங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தவை. மூக்கர் பின் வரிசையில் நின்றிருந்தார். ஒருவர்கூட அவர் பக்கம் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து டிராக்டர்காரருக்கு வேலை நின்றது. வடக்குத் தோட்டக்காரர் வாசலில் சங்கிலியைப் போட்டுப் பூட்டினார். இரட்டையரில் மூத்தவர் தெருவில் வைத்தே, “எமன் வண்டியை ஓட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வராதே” என்றார். ஒரு நாள் சாயங்காலம் டிராக்டர்காரர் மூக்கர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“நீங்க சொன்னா கேப்பாங்க மூக்கரே. ஒவ்வொரு தோட்டத்துலேருந்தும் வெளிய வரும்போது சக்கரத்தைக் கழுவிட்டுத்தான் வரேன். நீங்களே பாத்திருக்கீங்க இல்ல?”

பார்த்திருக்கிறார். குழாயை வைத்துச் சக்கரத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் விரலை விட்டுக் கழுவுகிற மனிதனைப் பார்த்து, இதற்கா இத்தனை மெனக்கெடல் என்று ஒரு முறை கேலிகூடச் செய்திருக்கிறார்.

“சொல்றேன். நீங்க கவலைப்படாதீங்க” என்றார்.

சொல்லவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அவருக்கு அப்போது முழுதாகத் தெரியாதென்றாலும், தெரிந்துவிடுமோ என்கிற பயம் தெரிந்திருந்தது. பூவைக் கசக்கி முகர்ந்தால், எல்லா ரகத்திலும் மழையில் நனைந்த மரப்பட்டை வாசமே வந்தது.

மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவள், கைகால் கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“உங்க நோட்டைக் கொடுங்க.”

எந்த நாள், எந்தத் தோட்டம், எந்த வரிசை என்று அவர் எழுதி வைக்கிற நோட்டு. அவள் ஒரு காகிதத்தை எடுத்து, ஒரு பக்கம் நோய் தெரிந்த இடங்களையும் மறுபக்கம் அவர் போன இடங்களையும் எழுதினாள். எழுதி முடித்துக் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“எங்க வார்டுல ஒரு தடவ ஒரே கிருமி ஆறு பேருக்குப் பரவுச்சு. சாப்பாடுங்கறாங்க, தண்ணிங்கறாங்க, கூட்டிப் பெருக்குற அம்மாவைத் திட்டுறாங்க. கடைசில பாத்தா எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்ச டாக்டர். கட்டில் கட்டிலா நின்னு சிரிச்சுப் பேசுவாரு. கை மட்டும் கழுவ மாட்டாரு.”

“என்ன சொல்ல வர்ற நீ?”

“நான் சொல்லல. உங்க எழுத்து சொல்லுது. மேட்டுத் தோட்டத்துல வருஷா வருஷம் அந்த டிராக்டர்தான் உழுது. அங்க ஒரு இலை வாடல. அந்தத் தோட்டக்காரரோட சண்டை போட்டுக்கிட்டு நீங்க அங்க போயி மூணு வருஷமாச்சு.”

மூக்கர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கத்தினார். ஊரே என்னைக் கொண்டாடுது, கட்டினவ குற்றவாளிங்கிறா என்றார். அவள் காகிதத்தை மட்டும் எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனாள். அவர் மறுபடி உட்கார்ந்து அதைப் பார்த்தார். கடைசியாக எழுதியிருந்ததுதான், அவர் போன இடங்களில் இன்னும் நோய் வராத ஒரே இடம். அக்கா தோட்டம். பதினோரு நாளுக்கு முன்னால் போயிருந்தார். ஓடைத் தோட்டத்திலிருந்து நேராக.

அக்கா அவரைவிட எட்டு வயது மூத்தவள். மாமா போனபின் தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். சொந்த டிராக்டர், சொந்த உலர்த்துக் கொட்டகை, யாரையும் எதற்கும் எதிர்பார்க்காதவள். நாக்கும் கூர்.

மறுநாள் காலை மூக்கர் வேனை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, புதிதாக வாங்கிய ரப்பர் செருப்போடு நடந்து போய் அவள் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

“என்னடா வாசல்லயே நிக்கிற? புது மாப்பிள்ளையா, ஆரத்தி எடுத்தாத்தான் வருவியா?”

“நான் உள்ள வரக்கூடாதுக்கா.”

அவர் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையிலிருந்த கயிற்றுக் கண்டை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தாள். சொல்லி முடித்ததும் கேட்டாள்:

“எந்த வரிசைல நடந்த?”

“கொட்டகைப் பக்கத்துலேருந்து மூணாவது. அப்புறம் ஏழு வரைக்கும்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“அவ்வளவுதான்க்கா.”

“எத்தனை தண்டு வெட்டுன?”

“ரெண்டு... மூணு.”

அவள் திரும்பி நடந்தாள். பறிப்புக்கு மூன்றே வாரம் இருந்தது. கொடி உச்சி வரை பூ தொங்கியது. மூன்றிலிருந்து ஏழு வரை உள்ள வரிசைகளையும், இரண்டு பக்கமும் காப்புக்காக ஒவ்வொன்றையும் அன்றைக்கே வேரோடு பிடுங்கினாள். அங்கேயே குவித்துத் தீ வைத்தாள். பச்சைக்கொடி லேசில் பிடிக்கவில்லை. புகைந்து புகைந்து எரிந்தது. வாசலுக்கு வெளியே நின்ற மூக்கருக்கு அந்த வாசம் வந்தது. வாழ்நாளில் அவர் முகர்ந்ததிலேயே நல்ல பூ அது. நகராமல் நின்றார். அக்கா ஒருமுறைகூட வாசல் பக்கம் பார்க்கவில்லை.

மற்றவர்களிடம் சொல்ல அவருக்கு இன்னும் நாலு நாள் ஆனது. வடக்குத் தோட்டத்து உலர்த்துக் கொட்டகையில் எல்லோரையும் வரச் சொன்னார். பறிப்பு வந்தால் அனல் அடிக்கிற கொட்டகை, இப்போது அடுப்பு மூட்டாமல் சில்லென்று கிடந்தது. டிராக்டர்காரரும் வந்து கதவோரம் நின்றார். மூக்கர் பள்ளத்தாக்கிலிருந்து தொடங்கினார். வெறும் கம்பங்கள், சட்டைப் பைக்குள் போன தண்டு, வடக்குத் தோட்டத்தில் தான் பார்த்தும் பார்க்காத மாதிரி மடக்கிய கத்தி, எதையும் விடவில்லை.

இரட்டையரில் இளையவர் வெளியே போய்விட்டார். வடக்குத் தோட்டக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நானே கூப்பிட்டு நடக்கவிட்டேனே. கோடி வரைக்கும் போன்னு நானே அனுப்புனேனே.” திட்டியிருந்தால் தேவலாம் என்று மூக்கருக்கு இருந்தது.

டிராக்டர்காரர் கேட்டார்: “உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேனே, அப்பவே தெரியுமா?”

“தெரியாது. சந்தேகம் இருந்துச்சு.”

“சந்தேகம் என்மேல வந்தப்ப ஊரே பேசிச்சு. உங்க மேல உங்களுக்கே வந்தப்ப மட்டும் வாய் வரலயாக்கும்.”

மூக்கர் கும்பிட்டார். டிராக்டர்காரர் அதைப் பார்க்க நிற்கவில்லை.

நோய் கண்ட தோட்டங்களைப் பிடுங்கி எரிக்கச் சொல்லி ஆய்வாளர் அம்மா உத்தரவு போட்டார். பள்ளத்தாக்குத் தோட்டக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டதாக அந்த அம்மா வாயால்தான் தெரிந்தது. இரட்டையர் நிலத்தை விற்றுவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஓடைத் தோட்டம் புல் மண்டிக் கிடக்கிறது. வடக்குத் தோட்டக்காரர் நோய் தாங்குகிற ஒரு ரகத்தை நட்டார். அதில் அறுத்த புல் வாசம்கூட அரைகுறை. தாடிக்காரர் பெரிய கிடங்கில் வாங்கத் தொடங்கினார். “வேற வழி இல்ல சார், ஆலை ஓடணுமில்ல” என்று போனில் சொன்னார்; அதோடு பேச்சு நின்றது. மூக்கர் வேனிலிருந்த மூட்டைத் தட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு ரொட்டிக்கடைக்குச் சரக்கு ஏற்றிப் போகிற வேலையில் சேர்ந்தார். தார் ரோடு, கடை வாசல், தார் ரோடு. மண் பாதை வந்தால் இறங்க மாட்டார்.

அவர் கால் பட்ட தோட்டங்களில் அக்கா தோட்டம் மட்டும் நின்றது. அடுத்த கோடை தாண்டியது. அதற்கடுத்ததும் தாண்டியது. மூக்கர் வாராவாரம் போன் செய்வார். “பச்சையா இருக்குடா” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் அந்த வாரத்தை ஓட்டுவார். போனை எடுக்க அவள் கொஞ்சம் தாமதித்தால்கூட மறுபடி மறுபடி அடிப்பார்.

மூன்றாம் கோடையில் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள்.

“ஏண்டா, அன்னைக்குத் தண்ணித் தொட்டிப் பக்கம் போனியா?”

அவருக்கு நினைவு வந்தது. தொட்டி கடைசி வரிசைக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றைக்குப் பூவைக் கசக்கி விரலெல்லாம் மஞ்சள் பிசின்.

“போனேன்க்கா. கை கழுவப் போனேன். மறந்தே போச்சு.”

“சரி” என்றாள். திட்டவில்லை. போனை வைத்துவிட்டாள்.

குளிர்காலம் முடிவதற்குள் எல்லாக் கொடியையும் பிடுங்கி எரித்தாள். அது ஆனதும் அவரை வரச் சொன்னாள். போனபோது வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. பழக்கத்தில் அவர் வெளியிலேயே நின்றார்.

“உள்ள வாடா. இனி நீ கெடுக்க இங்க என்ன இருக்கு?”

அவள் அதைக் குத்திக் காட்டச் சொன்னாளா, ஆறுதலுக்குச் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை. உள்ளே போனார். கம்பங்களைப் பிடுங்குகிற வேலைக்கு அவள் டிராக்டர்காரரை அழைத்திருந்தாள். தோட்டத்தின் அந்தக் கோடியில் சங்கிலியைக் கட்டி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் தரையில் கிடந்த கம்பியை ஆளுக்கொரு முனை பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார்கள். கை வலித்தது. வெயில் சாய்வதற்குள் பாதி வரிசை முடிந்தது. டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தி, குழாயை எடுத்துச் சக்கரங்களைக் கழுவினார். கழுவி முடித்து, அவர்கள் பக்கம் திரும்பாமலே வண்டியில் ஏறிப் போனார்.